நிப்போரி முதல் யானகா வரை: மதிய நடை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோக்கியோவில் நிப்போரி ரயில் நிலையத்துக்குக் கிழக்கே, துணிக்கடைகள் வரிசையாக நிற்கும் தெருவுக்குப் பக்கத்தில் என் அலுவலகம். ஆறு வருடமாக வேலை நாட்களில் மதியம் பன்னிரண்டு அடித்ததும் தண்டவாளங்களைக் கடந்து மேற்கே யானகா பக்கம் நடப்பேன். ஒரு மணிக்குள் இருக்கைக்குத் திரும்பிவிடுவேன். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், இங்கே சுற்றிப் பார்க்க வரும் உறவினர்கள், ஊரில் இருந்தபடி போனில் பேசும் நண்பர்கள் எல்லாரும் இந்த நடையைப் பற்றி விசாரிக்கிறார்கள். கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கின்றன. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஜப்பானியர்கள் ஓயாமல் வேலை பார்ப்பவர்கள் ஆயிற்றே, மதியம் வெளியே நடக்க விடுவார்களா?

விடுவார்கள். சட்டமே இருக்கிறது. ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் குறைந்தது 45 நிமிடமும், எட்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் ஒரு மணி நேரமும் இடைவேளை கொடுத்தாக வேண்டும். அந்த நேரத்தை ஊழியர் தன் விருப்பப்படி கழிக்கலாம் என்பதும் அதே சட்டத்தில் உள்ளது. பெரும்பாலான அலுவலகங்களில் இது பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை.

நானும் முதல் சில மாதங்கள் மேசையிலேயே டப்பாவைத் திறந்து சாப்பிட்டுவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன்தான். பக்கத்து இருக்கைக்காரர் தினமும் பன்னிரண்டு அடித்ததும் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்புவார். ஒருநாள் அவர் பின்னாலேயே போனேன். அன்று தொடங்கியது இது. அவர் இப்போது வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார், நான் அதே வழியில் நடந்துகொண்டிருக்கிறேன்.

எந்த வழியாகப் போகிறீர்கள்?

நிலையத்தின் வடக்கு வாசலை ஒட்டி ஷிமோகோயின்தென் என்றொரு பாலம். கீழே அடுக்கடுக்காகத் தண்டவாளங்கள்: யாமானோதே வட்ட ரயில், கெய்ஹின் தொஹோகு, ஜோபான், அப்புறம் ஷின்கான்சென் என்ற புல்லட் ரயில். ரயில் பார்ப்பதற்கென்றே பாலத்தின் ஓரத்தில் சிறு மாடம்போல் அகலப்படுத்தி வைத்திருக்கிறார்கள். மதிய நேரத்தில் அங்கே கட்டாயம் இரண்டு மூன்று அம்மாக்கள் நிற்பார்கள், கையில் நடைபயிலும் வயதுக் குழந்தைகளோடு. பச்சை நிற ஷின்கான்சென் வந்தால் குழந்தைகள் கையசைக்கும். ஓட்டுநர் ஒலி எழுப்பி பதில் சொல்வதை நான் ஒன்றிரண்டு முறை கேட்டிருக்கிறேன். அந்த இரண்டு நிமிடத்துக்காகவே இந்த வழியை விட மனம் வரவில்லை.

பாலத்தைத் தாண்டினால் கோதென்சாகா என்ற ஏற்றம். அங்கே வலது பக்கம் கியோஓஜி என்ற புத்தர் கோயில் இருக்கிறது. அதன் கருத்துப்போன மர வாயிலைக் கிட்டே போய்ப் பாருங்கள். விரல் நுழையும் அளவுக்குத் துளைகள் தெரியும். 1868-இல் பக்கத்து யுவேனோவில், ஷோகுன் என்ற படைத்தலைவரின் ஆட்சிக்கு விசுவாசமானவர்களுக்கும் புதிய அரசின் படைக்கும் சண்டை நடந்தது. தோற்றவர்கள் இந்தக் கோயிலில் வந்து ஒளிந்தார்கள். அவர்களைத் துரத்தி வந்தவர்கள் சுட்ட குண்டுகள் இவை. நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆகியும் கதவை மாற்றவில்லை, துளையை அடைக்கவும் இல்லை. நான் முதல் முறை பார்த்தபோது ஒரு பாட்டி அந்தக் கதவுக்குக் கீழே காய்ந்த இலைகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார். குண்டுத் துளையும் துடைப்பமும் ஒரே கதவடியில் இருந்த அந்தக் காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஏற்றம் முடிந்து கொஞ்சம் நடந்தால் யூயாகே தான்தான். யூயாகே என்றால் அந்திச் செவ்வானம், தான்தான் என்றால் படி. மேற்கு நோக்கி இறங்கும் 36 படிகள். மாலையில் அங்கே கூட்டம் நிற்கும், மதியம் காலியாக இருக்கும். படியின் கீழே யானகா கின்சா கடைத்தெரு. 170 மீட்டர் நீளம்தான், அதற்குள் சுமார் அறுபது கடைகள். மீன், தேநீர்த்தூள், இறைச்சி, காய்கறி, செருப்பு, பீங்கான், இனிப்பு எல்லாம் அங்கே கிடைக்கும். திரும்பி வரும்போது கல்லறைத் தோட்டத்துக்குள் புகுந்து நிலையத்தின் மேற்கு வாசலுக்கு வந்துவிடுவேன்.

நடை மட்டும் முப்பது நிமிடம். மீதி சாப்பிட.

யானகாவில் அப்படி என்ன விசேஷம்?

டோக்கியோ இரண்டு முறை அழிந்து எழுந்த ஊர். 1923 நிலநடுக்கத்தில் பாதி ஊர் எரிந்தது. 1945-இல் விமானக் குண்டுவீச்சில் மீண்டும் எரிந்தது. யானகா இரண்டிலும் பெரும்பாலும் தப்பியது. இங்கே கோயில்கள் மட்டும் எழுபதுக்குப் பக்கம். பல கோயில்கள் 1657-இல் நடந்த மெய்ரேகி பெருந்தீக்குப் பிறகு நகரின் நடுவிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவை. கோயில் நிலமும் கல்லறை நிலமும் அதிகம் என்பதால் சந்துகள் பழைய அகலத்திலேயே நின்றுவிட்டன. கைகளை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தொடும் சந்துகள் உண்டு. கார் நுழையாது. அதனால்தான் மனிதர்கள் வாசலில் நின்று பேசுகிறார்கள்.

ஆனால் "பழைய டோக்கியோ" என்று அருங்காட்சியகம்போல் இதைப் பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து. இது ஆட்கள் குடியிருக்கும் இடம். மாடியில் மெத்தை காயும், குழாயடியில் காலணி காயும், யாரோ வீட்டு ஜன்னல் வழியே மதியச் செய்தி ஓடும் சத்தம் கேட்கும்.

எங்கே சாப்பிடுவது? என்ன செலவாகும்?

கடை வாசலில் தொங்கும் துணித் திரைக்கு நோரென் என்று பெயர். அது வெளியே தொங்கினால் கடை திறந்திருக்கிறது, உள்ளே எடுத்து வைத்துவிட்டால் மூடியாயிற்று. கதவு சாத்தியிருக்கிறதே என்று தயங்கி நிற்காதீர்கள், திரையைப் பாருங்கள்.

மதியத்தில் கேட்க வேண்டியது தெய்ஷோகு. நம்மூர் அளவுச் சாப்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் சோறு, சோயா விழுது கரைத்த மிசோ சூப், ஊறுகாய், நடுவே ஒரு முக்கியப் பதார்த்தம். பெரும்பாலும் ஆயிரம் யென்னை ஒட்டி முடிந்துவிடும். சில கடைகளில் வாசலிலேயே ஓர் இயந்திரம் இருக்கும். காசைப் போட்டுப் பொத்தானை அமுக்கினால் சீட்டு வரும், அதைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு உட்கார வேண்டியதுதான். தண்ணீரோ தேநீரோ கேட்காமலே வரும். டிப்ஸ் கிடையாது. மேசையில் சில்லறையை விட்டுவிட்டு வந்தால் மறந்துபோனீர்கள் என்று பின்னாலேயே ஓடி வந்து கொடுப்பார்கள். எழுந்து கிளம்பும்போது "கோச்சிசோசாமா" என்று சொல்லுங்கள். விருந்துக்கு நன்றி என்பதுபோல ஒரு சொல். அடுப்படியில் முதுகு காட்டி நிற்பவர்கூடத் திரும்பிப் பார்த்துத் தலையசைப்பார்.

பன்னிரண்டு பத்துக்கு எல்லாக் கடையிலும் வரிசை நிற்கும். அந்த வரிசையில் என் நடை நேரம் கரைவது எனக்குப் பிடிப்பதில்லை. அதனால் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவேன், அல்லது கொன்பினியில் ஒனிகிரி வாங்குவேன். கொன்பினி என்பது தெருவுக்குத் தெரு இருக்கும் இருபத்துநான்கு மணி நேரக் கடை. ஒனிகிரி என்பது முக்கோணச் சோற்று உருண்டை. அதன் உறையில் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும். ஒன்றைப் பிடித்து நடுவே கீழ்நோக்கிக் கிழிக்க வேண்டும், பிறகு இரண்டாம் மூலை, மூன்றாம் மூலை. ஈரச் சோற்றையும் மொறுமொறுப்பான கடற்பாசித் தாளையும் பிரித்து வைத்திருந்த மெல்லிய பிளாஸ்டிக் இரண்டு பக்கமும் உருவிக்கொண்டு வரும், தாள் சோற்றின்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். வரிசை மாற்றிப் பிரித்தால் தாள் பாதி உறையிலேயே தங்கிவிடும்.

இன்னொன்று. 2019 அக்டோபரிலிருந்து, எடுத்துக்கொண்டு போகிற உணவுக்கு வரி 8 சதவீதம், அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டால் 10 சதவீதம். எடுத்துக்கொண்டு போகிறீர்களா, இங்கேயே சாப்பிடுகிறீர்களா என்பது கல்லாவில் அவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று. மற்றொன்று பை வேண்டுமா என்பது. 2020 ஜூலையிலிருந்து பிளாஸ்டிக் பைக்குக் காசு. ஒரு துணிப்பை வைத்திருங்கள்.

நான் சைவம். பட்டினி கிடக்க வேண்டியதுதானா?

பட்டினி வேண்டாம், ஆனால் கவனம் வேண்டும். காய்கறிக் குழம்பு என்று எழுதியிருந்தாலும் அடியில் தாஷி இருக்கும். தாஷி என்பது பெரும்பாலும் கட்சுவோ மீனைக் காயவைத்து, சீவி, கொதிக்கவைத்து எடுத்த சாறு. நம்ம மாசிக் கருவாட்டுக்கும் அதே மீன்தான். மிசோ சூப், சோபா நூடுல்ஸ் குழம்பு, அவித்த காய்கறி எல்லாவற்றிலும் அது இருக்கும். கொரொக்கே என்ற உருளைக்கிழங்கு கட்லெட்டைப் பன்றிக் கொழுப்பில் பொரிப்பதும் உண்டு. "இறைச்சி இல்லை" என்று கடைக்காரர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. தாஷியை அவர் இறைச்சி என்று நினைப்பதே இல்லை.

கோயில் வழிவந்த ஷோஜின் சமையலில் மீன்சாறும் கிடையாது, கடற்பாசி, காளான் சாறுதான். ஆனால் அது மதியம் அவசரத்துக்குக் கிடைக்கிற சாப்பாடு இல்லை. அன்றாடத்துக்குக் கையில் தயிர் சாதம் இருந்தால் நிம்மதி. இனிப்பில் கவலை குறைவு. ஒஹாகி என்றொரு பண்டம் உண்டு. நம்ம சுழியத்தில் பூரணம் உள்ளே இருக்கும், ஒஹாகியில் சோறு உள்ளே, செம்பயறு பூரணம் வெளியே. மார்ச்சிலும் செப்டம்பரிலும் யானகா இனிப்புக் கடைகளில் குவித்து வைத்திருப்பார்கள். ஏன் அந்த மாதங்கள் என்பதைக் கீழே சொல்கிறேன்.

வாங்கியதைத் தின்றுகொண்டே நடக்கலாமா?

தடை ஒன்றும் இல்லை, ஆனால் பார்க்கிறவர்களுக்குப் பிடிக்காது. கடைத்தெருவில் வாங்கினால் அந்தக் கடை வாசலிலேயே ஓரமாக நின்று சாப்பிட்டு முடித்துவிட்டு நடப்பது நல்லது. குச்சியையும் காகிதத்தையும் அவர்களே வாங்கிக்கொள்வார்கள்.

குப்பையை எங்கே போடுவது?

பையில் வைத்து அலுவலகத்துக்கே கொண்டுவர வேண்டியதுதான். 1995-இல் சுரங்க ரயிலில் நச்சுவாயுத் தாக்குதல் நடந்த பிறகு பொது இடங்களில் குப்பைத் தொட்டிகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. குளிர்பான இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தொட்டி காலி பாட்டிலுக்கும் கேனுக்கும் மட்டும். வீட்டுக் குப்பைக்கு வைத்திருக்கும் இடங்களில் எதையும் போட்டுவிடாதீர்கள். எந்தக் கிழமை எது என்று அக்கம்பக்கத்தார் முறைவைத்துக் காக்கும் இடம் அது. காக்கை கிளறாமல் இருக்க மேலே விரித்த வலையை, வண்டி வந்துபோன பிறகு யாராவது ஒருவர் மடித்து வைப்பார்.

மதியம் தெருவில் யார் இருப்பார்கள்? எல்லாரும் வேலைக்குப் போயிருப்பார்களே?

மதியம் நடப்பதன் முழுப் பலனும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. காலையும் மாலையும் தெருவில் இருப்பவர்கள் எங்கோ போகிறவர்கள், மதியம் இருப்பவர்கள் அந்த இடத்துக்காரர்கள்.

தச்சர்கள் பன்னிரண்டரைக்குள் சாப்பிட்டு முடித்துவிட்டுச் சின்னச் சரக்கு வண்டியின் முன்னிருக்கையில் காலை நீட்டி, துண்டால் முகத்தை மூடித் தூங்குவார்கள். ஒரு மணி அடித்தால் ரம்பச் சத்தம் தொடங்கும். எங்கே சாலையைத் தோண்டினாலும் சீருடைக்காரர் ஒருவர் நின்று, நடந்து போகிற ஒவ்வொருவருக்கும் குனிந்து வணங்கி வழிகாட்டுவார். ஏப்ரல் தொடக்கத்தில் முதல் வகுப்புப் பிள்ளைகள் மதியத்தோடு வீடு திரும்புவார்கள். தலையில் மஞ்சள் தொப்பி, முதுகில் அவர்கள் உடம்பைவிடப் பெரிதாய்த் தெரியும் தோல் பை. சாலை கடக்கும் இடங்களில் முதியவர்கள் மஞ்சள் கொடியோடு நின்று அவர்களை அனுப்பிவைப்பார்கள். பெற்றோர் இல்லாமல் ஆறு வயதுப் பிள்ளை தனியாக நடந்து வருவதைப் பார்த்து எனக்கு முதலில் பதறியது. ஒரு வாரம் கவனித்த பிறகு புரிந்தது, அந்தப் பிள்ளை தனியாக வரவில்லை. இஸ்திரி போடுகிறவர் தலைதூக்கிப் பார்க்கிறார், மீன்கடைக்காரர் "வந்துட்டியா" என்கிறார், தெருவே கைமாற்றிக் கைமாற்றி வீடு சேர்க்கிறது.

என் வழியில் ஒரு தோஃபு கடை. தோஃபு என்றால் சோயாப் பாலைத் திரளவைத்த கட்டி. ஓர் அம்மா, எழுபதைத் தாண்டியவர், ரப்பர் பூட்ஸும் வெள்ளைத் தலைத்துணியுமாக இருப்பார். விடியுமுன் தொடங்கும் வேலை அது. நான் போகும் நேரத்தில் அவர் தொட்டிகளைக் கழுவிக்கொண்டிருப்பார். யாராவது கேட்டால் கையை நனைத்துக்கொண்டு தண்ணீருக்குள் விட்டு ஒரு பெரிய கட்டியை உள்ளங்கையில் தூக்குவார். அதைக் கையில் வைத்தபடியே, பட்டையான கத்தியை மேலிருந்து அழுத்தாமல் இறக்கி, இரண்டாக்கித் திரும்பவும் நீரில் விடுவார். கத்தி கையைத் தொட்டதும் நின்றுவிடும். ஒரு கீறலும் விழாது. சோயா அரைத்துப் பிழிந்த சக்கைக்கு ஒகாரா என்று பெயர். பழகியவர்களுக்கு ஒரு பை நிறைய அள்ளிச் சும்மா தருவார். வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்து அடையில் கலந்தால் நன்றாக இருக்கிறது.

வாசலில் எல்லாம் பூந்தொட்டிகள் இருக்கின்றனவே, யாருடையவை? படம் எடுக்கலாமா?

அந்தந்த வீட்டுக்காரர்களுடையவை. இந்தச் சந்துகளில் யாருக்கும் தோட்டம் வைக்க இடம் இல்லை. சுவருக்கும் பாதைக்கும் நடுவே ஒரு முழம் கிடைத்தால் அதில் மீன் வந்த தெர்மோகோல் பெட்டி, பழைய பக்கெட், உடைந்த பீங்கான் என்று எதிலாவது மண் நிரப்பி வளர்ப்பார்கள். பக்கத்தில் தண்ணீர் நிரப்பிய பாட்டில்கள் நிற்கும். வெளிச்சம் பட்டுப் பளபளத்தால் பூனை நெருங்காது என்ற நம்பிக்கை. யானகா பூனைகளுக்குப் பேர்போன இடம். அவை பாட்டிலை ஒட்டியே படுத்துக்கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

படம் எடுப்பது பற்றி அனுபவத்தில் சொல்கிறேன். முதல் கோடையில் ஒரு வீட்டு வாசலில் நீல அசாகாவோ பூத்திருந்தது. அசாகாவோ என்றால் காலை முகம். புனல்போல விரியும் கொடிப்பூ. அன்று மேகமூட்டம், அதனால் மதியம் வரை வாடாமல் இருந்தது. போனை எடுத்து மூன்று நான்கு படம் எடுத்தேன். எதிர்வீட்டு அம்மா வெளியே வந்து, மன்னிக்கவும் என்று தொடங்கி, படத்தில் பெயர்ப்பலகை விழுந்திருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். விழுந்திருந்தது. இங்கே குடும்பப் பெயரை வாசலில் எழுதி வைப்பார்கள். அதைப் படத்தோடு ஊருக்கெல்லாம் காட்டுவது அவர்கள் வீட்டைக் காட்டிக்கொடுப்பது. எனக்கு அது தோன்றவே இல்லை. அவர் எதிரிலேயே அழித்தேன். அதன் பிறகு வீட்டுக்காரர் இருந்தால் கேட்டுவிட்டு எடுக்கிறேன், இல்லாவிட்டால் பார்த்துவிட்டுப் போகிறேன்.

அடுத்த வாரம் அந்த வீட்டுப் பெரியவரே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது. என்னைக் கூப்பிட்டு, வளையங்களில் ஏற்றிக் கட்டியிருந்த கொடியைக் காட்டினார். பக்கத்து இரியாவில் ஒவ்வொரு ஜூலை 6 முதல் 8 வரை அசாகாவோ சந்தை நடக்கும், அங்கே வாங்கியது, ஒரே தொட்டியில் பல நிறம் என்றார். இலையுதிர் காலத்தில் காகிதத்தில் முறுக்கிய ஒரு சிட்டிகை விதை தந்தார். என் பால்கனியில் அது இன்றும் வருடந்தோறும் முளைக்கிறது.

போன வருடம் அவரைக் காணவில்லை. ஜூன் முழுக்க ஜன்னல் மூடியே இருந்தது. ஆனால் தொட்டிகள் காயவில்லை. படத்தை அழிக்கச் சொன்ன அந்த எதிர்வீட்டு அம்மா, தன் செடிகளுக்கு ஊற்றிவிட்டுக் குவளையோடு சந்தின் எதிர்ப்பக்கம் வந்து பெரியவருடையவற்றுக்கும் ஊற்றிக்கொண்டிருந்தார். "மருத்துவமனை" என்று மட்டும் சொன்னார். ஆகஸ்டில் பெரியவர் திரும்பி வந்தார், மெலிந்துபோய், வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து. இப்போது தண்ணீர் ஊற்றுவது அந்த அம்மா, எதற்கு எவ்வளவு என்று சொல்வது அவர்.

கல்லறை வழியாக நடக்க ஒரு மாதிரி இல்லையா?

நம்மூரில் சுடுகாட்டுப் பக்கம் போனால் வீட்டுக்கு வந்து குளிப்போம். அந்தத் தயக்கம் எனக்கும் இருந்தது. யானகா கல்லறைத் தோட்டம் சுமார் பத்து ஹெக்டேர், ஏழாயிரம் சமாதிகள். ஆனால் நடுவே ஓடும் பாதை முழுக்க சகுரா என்ற செர்ரி மரங்கள். மார்ச் கடைசியில் தலைக்குமேல் வெள்ளைக் கூரை. பள்ளிப் பிள்ளைகள் போகிறார்கள், சைக்கிளில் காய்கறி போகிறது. நடுவே ஐந்தடுக்குக் கோபுரம் ஒன்று இருந்து 1957-இல் தீக்கிரையானது. அதன் அடிக்கற்கள் மட்டும் இருக்கின்றன. கடைசி ஷோகுன் தொகுகாவா யொஷினோபுவின் சமாதியும் இங்கேதான். கியோஓஜி கதவில் குண்டு துளைத்தது இவருடைய ஆட்களைத் துரத்தி வந்தபோதுதான். கதவுக்கும் சமாதிக்கும் நடக்கும் தூரம்தான்.

மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமமாகும் வாரத்துக்கு ஒஹிகான் என்று பெயர். செப்டம்பரில் வருவது பெரும்பாலும் நம் மகாளய பட்சத்தை ஒட்டியே வரும். குடும்பம் குடும்பமாக மர வாளியும் அகப்பையும் எடுத்து வந்து சமாதிக் கல்லைத் தேய்த்துக் கழுவி, பூ மாற்றி, ஊதுவத்தி ஏற்றி, கும்பிட்டுவிட்டுப் போவார்கள். மேலே சொன்ன ஒஹாகி இந்த வாரத்துக்குச் செய்வது. அதைப் பார்த்த பிறகு என் தயக்கம் போய்விட்டது. அங்கே உட்கார்ந்து சாப்பிடுவது, சத்தமாகப் போன் பேசுவது மட்டும் வேண்டாம்.

ஜப்பானிய மொழி தெரியாது. தமிழ் உதவுமா?

ஓரளவு உதவும். வினை கடைசியில் வருவதும், பெயருக்குப் பின்னால் உருபு ஒட்டுவதும் நமக்குப் பழக்கம். "கடைக்குப் போனேன்" என்பதை அதே வரிசையில் சொல்லலாம். இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்று பேராசிரியர் ஓனோ சுசுமு பல ஆண்டு வாதாடினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, வாக்கியம் அமைப்பது நமக்கு எளிது, எழுத்துதான் கடினம்.

நடைக்குத் தேவையான சொல் ஒன்றுதான், "கொன்னிச்சிவா". முகம் பார்த்துச் சொல்லி லேசாகத் தலை குனிந்தால் போதும்.

வழி தவறிவிட்டால்?

இங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. முகவரி என்பது வட்டாரம், கட்டம், கட்டட எண். அதனால் "இந்தத் தெரு எங்கே" என்று கேட்டுப் பயனில்லை. கோபான் என்னும் காவல் சாவடியில் கேளுங்கள், பெரிய வரைபடத்தை விரித்து விரலால் காட்டுவார்கள். யானகாவில் வழி தவறினால் ரயில் சத்தம் வரும் திசையில் நடந்தாலும் போதும்.

வெயில், மழை, குளிரில் எல்லாம் எப்படி?

ஆகஸ்டில் 35 டிகிரியைத் தாண்டும், காற்றில் ஈரம் பிழியும். சென்னைக்காரர்களே திணறுவார்கள். அந்த மாதம் மட்டும் நடையைப் பாதியாக்கி, கல்லறை மரநிழலோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆண்களும் குடை பிடிக்கலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். ஜூனில் மழை, சந்தெல்லாம் அஜிசாய் பூ. டோக்கியோவின் குளிர்காலம் பளிச்சென்று வெயில் அடிக்கும் காலம், நடக்க அதைவிட நல்ல நேரம் இல்லை. தானியங்கி இயந்திரத்தில் நீலப் பட்டை குளிர்ந்தது, சிவப்புப் பட்டை சூடானது. ஜனவரியில் சூடான சோளச் சூப் கேன் ஒன்றை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் கை விறைக்காது. செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ ஒருநாள் திடீரென்று தெரு முழுக்க வாசனை அடிக்கும். கின்மொகுசெய் என்ற ஆரஞ்சு நிறச் சிறு பூ. மரத்தைத் தேடினால் யார் வீட்டுச் சுவருக்குப் பின்னாலோ இருக்கும்.

நான் நிஷி கசாயில் இருக்கிறேன். இதற்காக யானகா வரை வர வேண்டுமா?

வேண்டாம். நிஷி கசாய் இருக்கும், நம் ஆட்கள் நிறையப் பேர் வாழும் எதோகவா வார்டிலேயே ஃபுருகாவா என்ற ஓடைப் பூங்கா இருக்கிறது. நாற்றமெடுத்துக் கிடந்த கால்வாயைச் சுத்தம் செய்து 1973-இல் பிள்ளைகள் கால் நனைக்கும் ஓடையாக மாற்றினார்கள். ஜப்பானில் அவ்வகையில் அதுவே முதல். கடைத்தெரு வேண்டுமென்றால் கோதோ வார்டில் சுனாமாச்சி கின்சா. டோக்கியோவின் பணக்காரக் கடைவீதியான கின்சாவின் பெயரை வைத்துக்கொண்ட எளிய கடைத்தெருக்கள் ஜப்பான் முழுக்க நூற்றுக்கணக்கில் உண்டு. ஆனால் ஒன்று சொல்வேன்: தினம் ஒரு புது இடம் என்று அலையாதீர்கள். ஒரே வழி, ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் ஒரே வழி? அலுக்காதா? அங்கே யாராவது நம்மோடு பேசுவார்களா?

பேசுவார்கள், ஆனால் நாள் எடுக்கும். எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. அதுவரை நான் கொன்னிச்சிவா சொல்வேன், தோஃபு கடை அம்மா தலையசைப்பார், அவ்வளவுதான். ஒருநாள் அலுவலகக் கூட்டம் ஒன்று இழுத்துவிட்டது. வழக்கமாகப் பன்னிரண்டு இருபதுக்கு அந்தக் கடையைத் தாண்டுகிறவன், அன்று பன்னிரண்டு ஐம்பதுக்கு, சாப்பிடாமலே வேகமாக நடந்து வந்தேன். தொட்டி கழுவி முடித்து, கதவைப் பாதி இழுத்துவிட்டு அவர் வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் சொன்னார்: "இன்னைக்கு நேரமாயிடுச்சே."